பதினாலாம் நம்பர் பிலிம்

வெள்ளைப்பாறை ஊரில் தண்ணீர் மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது ஆயுத பூஜை கழிந்த ஐந்தாம் நாள். முதலில் அதைக் கண்டவை ஆடுகள். பாறைச் சரிவில் குனிந்து குடிக்கப் போனவை, வாய்க்கு எட்டாமல் தண்ணீர் முன்னால் போய்க்கொண்டே இருந்ததால், அதன் பின்னாலேயே ஏறி மேட்டுத் தெரு வரைக்கும் போய்விட்டன. ஆடுகளைத் தேடிப் போன பேச்சி, விரல் அகலத்தில் ஒரு தண்ணீர்க்கோடு தன் கால் விரல்களைத் தொட்டுவிட்டு மேலே போவதைப் பார்த்தாள், ஆடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்த்தாள், இருந்தன, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கி வந்துவிட்டாள்.

"மதினி, ஆபீஸுக்குப் பின்னால ஓடுத தண்ணி மேல ஏறிப் போவுது" என்று கையுறையை மாட்டிக்கொண்டே சொர்ணத்தாயிடம் சொன்னாள்.

"போனா போவட்டும். கீழ எறங்கி மட்டும் நமக்கு என்னத்தக் கொண்டாந்துச்சு" என்றாள் சொர்ணத்தாய், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆபீஸ் என்று அவர்கள் சொன்னது கனகவேலின் கம்பெனியை. முன்பு அது தீப்பெட்டி ஆபீஸாக இருந்தது, பெண்கள் அங்கே வருஷக்கணக்காகக் குச்சி அடுக்கினார்கள், அது மூடிய பிறகும் கட்டடத்துக்கு அந்தப் பேர் போகவில்லை. வெளியூரில் பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்த கனகவேல், குச்சி அடுக்கிய அதே கைகளைக் கூப்பிட்டு, தபால் தலை அளவுக் கண்ணாடித் துண்டுகளைக் கொடுத்தான். கண்ணாடிக்குள் தலைமுடியை விட மெல்லிய பள்ளம் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளத்தில் பசை போன்ற திரவத்தை ஓடவிட்டு, மேலே ஒரு பிலிமை வைத்து, ஊதா வெளிச்சத்தைக் கண் சிமிட்டும் நேரத்துக்கு அடித்தால், பிலிமில் எந்த வடிவத்தின் வழியே வெளிச்சம் புகுந்ததோ அந்த வடிவத்தில் திரவம் இறுகிப் பல் வைத்த சக்கரமாகி, சக்கரத்தைச் சுற்றி ஒரு கூடாகி, ஓட்டத்தோடு மிதந்து போய்க் குப்பியில் விழும். கூடும் சக்கரமும் சேர்ந்தது ஒரு பம்பு. ஒரு கசகசா விதையின் மேல் ஒன்பது பம்புகளை உட்கார வைக்கலாம். கண்ணுக்குள் தண்ணீர் கட்டி அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டு வருகிறவர்களின் கண்ணில் அதை வைத்தால், மிஞ்சிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே தள்ளும். கனகவேல் சொல்லிக்கொடுத்த பேர்கள் நீளமாக இருந்ததால் பெண்கள் கண்ணாடித் துண்டுக்கு வயல் என்றும் பள்ளத்துக்கு வாய்க்கால் என்றும் தாங்களே பேர் வைத்துக்கொண்டார்கள்.

சொர்ணத்தாய்க்கு வயது ஐம்பத்து மூன்று. புருஷன் இறந்து பதினோரு வருஷம், பிள்ளை இல்லை, ஊருணிக் கரையில் ஓர் அறையும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. வயலில் பிலிம் போடுவது, குப்பியில் சேர்ந்த பம்புகளை ஸ்கோப்பில் பார்த்து நல்லது ஒரு பக்கம் மூளி ஒரு பக்கமாகப் பிரிப்பது, மூளிகளைக் கழுவு தண்ணீரோடு பின்பக்க ஓடையில் ஊற்றுவது, இவை அவள் வேலை. அந்தக் குழாய்க்குள் குனிந்தால் உலகம் வட்டமாகவும் வெளிச்சமாகவும் சுருக்கமாகவும் இருந்தது, அதற்குள் யாரும் சாகவில்லை, எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, ஆகையால் விடுமுறை நாட்களில் அவளுக்குப் பொழுது போவது கஷ்டமாக இருந்தது.

ஒன்றரை வருஷமாக அவளுடைய இடது கண்ணில், ஓரத்திலிருந்து, யாரோ மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்கள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஸ்கோப்புக்கு வலது கண் போதும். ஆனால் பிலிமில் எது மேல்பக்கம் எது அடிப்பக்கம் என்று பார்க்க இரண்டு கண்ணும் வேண்டியிருந்ததால், ஒவ்வொரு பிலிமின் மூலையிலும் மேல்பக்கத்தில் குங்குமத்தால் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு கனகவேலின் மனைவி மரகதம் முதல் நாளே வந்து கம்பெனியைக் கழுவி, ஸ்கோப்பு, ஊதா விளக்கு, குளிர்பெட்டி, கத்தரிக்கோல், கனகவேலின் மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிலிம்களையும் விடவில்லை. அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து, துடைத்த கையோடு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் ஒரு பொட்டு வைத்தாள். பதினாலாம் நம்பர் பிலிம் கவிழ்ந்து கிடந்தது. விஜயதசமி காலையில் அந்தப் பிலிமைத்தான் சொர்ணத்தாய் எடுத்தாள், பொட்டைப் பார்த்தாள், வயலின் மேல் வைத்தாள்.

ஆடுகள் ஏறிப் போன ஒரு வாரத்துக்குள் ஓடைத் தண்ணீரோடு ஊருணித் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. விரல் அகலம் முழ அகலமாயிற்று. மேட்டுத் தெருவில் இருந்தவர்கள் கல்குவாரி வேலைக்கென்று கடைசியாக வந்து, மிச்சமிருந்த பாறையில் குடிசை போட்டவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் முந்நூறு படி இறங்கிக் குடத்தை நிரப்பி முந்நூறு படி ஏறிப் பழகியவர்கள். இப்போது வாசலில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், தண்ணீர் மூச்சு வாங்காமல் வந்து நிறைத்தது. முதல் இரண்டு நாள் இடுப்பு பழக்கத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்தே நடந்தார்கள், மூன்றாம் நாள் நிமிர்ந்துவிட்டது.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. குளிக்கிறவர்கள் காலில் தண்ணீரை ஊற்றினார்கள், அது முழங்கால் ஏறி முதுகு ஏறித் தலையை நனைத்து, உச்சியில் ஒரு கணம் நின்று ஆவியானது. செடிக்கு ஊற்ற வேண்டியவர்கள் வேர் எங்கே என்று யோசிக்காமல் ஊற்றினார்கள், இலைகள் நன்றாக இருந்தன. கொத்தனார்கள் சாக்கடையின் வாட்டத்தை மாற்றிப் பிடித்தார்கள். டீக்கடை சுடலைமுத்து இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு உள்ளே பழகினார். மூன்றாம் நாள் திறந்தபோது கீழ்க் கையிலிருந்த குவளையிலிருந்து மேல் கையிலிருந்த குவளைக்கு டீ ஒரு கயிறுபோல ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு, ஒருவர் நுரை முன்னைக்கு இப்போது நன்றாக நிற்கிறது என்றார். யாரோ ஒருவர் ஓடைக்கரையில் செங்கல் நட்டு மஞ்சள் துணி சுற்றிக் கும்பிட ஏற்பாடு செய்தார். தண்ணீர் அந்தச் செங்கலையும் மெதுவாக நகர்த்தி மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது, அங்கே அதை ஒரு வீட்டு அடுப்புக்கு வைத்துக்கொண்டார்கள், அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சண்டை வராமலும் இல்லை. கீழத் தெருச் சோப்பு நுரை முழுவதும் பகல் பன்னிரண்டு மணிக்கு மேட்டுத் தெரு அடுப்படிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மேட்டுத் தெருப் பெண்கள் கையில் நுரையை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

"உங்க வீட்டு அழுக்கு எங்க ஒலைப் பானைக்கு வருது தாயீ."

"இத்தன வருசம் உங்க வீட்டுச் சாக்கட எங்க வாசலுக்கு வந்துச்சே, நாங்க ஒரு வார்த்த சொல்லியிருப்பமா?" என்றாள் கீழத் தெருக்காரி ஒருத்தி.

"சொன்னீங்க. தெனமும் சொன்னீங்க."

பிறகு காலை பத்து மணி வரை குடிதண்ணீர், பத்துக்கு மேல் துணி துவைப்பது என்று முடிவாயிற்று. பத்து மணிக்கு சுடலைமுத்து ஒரு தட்டைத் தட்டுவார். அரசாங்கத்திலிருந்து ஓர் எஞ்சினியர் மட்டம் பார்க்கும் கருவியோடு வந்து ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றார். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பது அவர் படித்தது, ஆகவே கீழத் தெருவை விட மேட்டுத் தெரு நூற்றைம்பது அடி பள்ளத்தில் இருப்பதாகக் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுடலைமுத்து கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். ஊரில் எல்லோரும் காரணம் ஒன்று வைத்திருந்தார்கள். குவாரியில் வைத்த வேட்டு என்றார்கள், ஊருணியைத் தூர் வாரியதில் ஏதோ கண் திறந்துவிட்டது என்றார்கள், பக்கத்து ஊர்க்காரன் பொறாமை என்றார்கள். யாரும் மற்றவர் காரணத்தை மறுக்கவில்லை, எல்லாக் காரணத்துக்கும் இடம் இருந்தது.

சொர்ணத்தாய் மட்டும் விஜயதசமி கழிந்த இருபதாம் நாள் ஓடையிலிருந்து ஒரு சொட்டை எடுத்து வந்து, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். தான் ஊற்றிய மூளிகள்தான். மூளியாக இருந்தும் சுற்றிக்கொண்டிருந்தன, யாரும் சுழற்றாமல், அலுக்காமல், மொய்மொய்யென்று. பல்லெல்லாம் வலது பக்கம் சாய்ந்திருக்க வேண்டியவை இடது பக்கம் சாய்ந்திருந்தன. பிரிக்கும்போது பல் உடைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாள், சாய்வைப் பொட்டிடம் விட்டிருந்தாள். போய்ப் பதினாலாம் நம்பர் பிலிமை எடுத்தாள். பொட்டைச் சுற்றி சந்தனம் காய்ந்திருந்தது. அவள் ஒருநாளும் சந்தனம் வைத்ததில்லை.

அவள் அந்தப் பிலிமைத் துடைத்தாள், கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான பக்கத்தில் பொட்டு வைத்தாள். அன்று மத்தியானத்திலிருந்து வந்த பம்புகள் நேராக வந்தன. ஆனால் விஜயதசமியிலிருந்து அன்று காலை வரை அந்த ஒரே பிலிமில் எடுத்த நாலாயிரம் நல்ல பம்புகள் உள்ளறையில் உப்புத்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. குறைந்தது இருபது நாள் ஊறிய பிறகு பெட்டியில் அடைத்து நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. பம்பு சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள், எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்கும் ஏற்பாடு கம்பெனியில் கிடையாது, அதைச் சொர்ணத்தாய் பார்த்திருப்பாள் என்று எல்லோரும் நம்பினார்கள். அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் கவிழ்த்து வைத்து நேராக்கவும் முடியாது.

சொல்ல வேண்டும் என்றால் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொட்டைப் பற்றிச் சொன்னால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணைப் பற்றிச் சொன்னால் ஸ்கோப்பு போய்விடும். அவள் சொல்லவில்லை. இருபத்தோராம் நாள் சொல்லவில்லை, இருபத்தைந்தாம் நாள் சொல்லவில்லை, முப்பதாம் நாள் கனகவேல் உள்ளறைத் தட்டுகளைப் பார்த்து, "யக்கா, இந்தத் தடவ மூளியே ரொம்பக் கொறச்சல், உங்க கண்ணே கண்ணு" என்றபோதும் சொல்லவில்லை.

முப்பத்தேழாம் நாள் மேட்டுத் தெருவில் பேச்சியின் மாமனார் செத்துப்போனார். சொர்ணத்தாய் படியேறிப் போனாள், பக்கத்திலேயே தண்ணீரும் ஏறி வந்தது. அதற்குள் அந்த ஊரில் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள், ஆகவே அழுத பெண்களின் கண்ணீர் கன்னத்தில் இறங்கவில்லை, இமையைக் கடந்து புருவத்தைக் கடந்து நெற்றியில் ஏறி வகிட்டுக்குள் போயிற்று. கிழவரின் மனைவி ஓசையில்லாமல் அழுதாள். அவள் கண்ணீர் ஏறிப் போகும்போது நெற்றிக் குங்குமத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போயிற்று, பிறகு சடங்குக்கென்று வந்தவர்களுக்கு அழிப்பதற்கு எதுவும் இல்லை. பெண்கள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் கைகள் எல்லாம் நெற்றிக்குப் போகப் பழகியிருந்தன.

சொர்ணத்தாய் அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒருத்தி, கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு, கட்டு எப்போது அவிழும் என்று படுத்திருப்பாள், அவளுக்குள் ஒரு சக்கரம் அலுக்காமல் தண்ணீரை உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும், கட்டை அவிழ்க்கும்போது கதவு முழுக்கச் சாத்தியிருக்கும். அந்த மங்கல் எப்படி இருக்கும் என்று சொர்ணத்தாய்க்குத் தெரியும். ஓரத்தில் முதலில் மனிதர்கள் போவார்கள், பிறகு மரங்கள் போகும்.

நாற்பதாம் நாள் காலையில் கனகவேல் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். மரகதம் சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் வந்திருந்தாள்.

"தம்பி, அந்தப் பெட்டிய அனுப்பாதீங்க."

"ஏங்க்கா?"

"அதுல இருக்கதெல்லாம் உள்ளாற தள்ளும். வெளிய தள்ளாது. பிலிமக் கவுத்திப் போட்டுட்டேன்."

கனகவேல் சிரித்தான். "நீங்க பாத்துப் போட்டதுதானே. நீங்க பாத்ததுக்கு மேல யாரு பாக்கணும்?"

"நான் பாக்கல தம்பி. பொட்டத்தான் பாத்தேன். எனக்கு எடது கண்ணு ஒன்றர வருசமா சரியில்ல."

அவன் டேப்பைக் கீழே வைத்தான். எழுந்து அவளுடைய இடது பக்கமாக வந்து நின்று, கையைத் தூக்கிப் பிடித்து, "இது என்னதுன்னு சொல்லுங்க" என்றான்.

"பேனா."

"கையில ஒண்ணும் இல்லக்கா."

தூக்கை வைக்கப் போன மரகதம் அப்படியே நின்றாள். "பொட்டு வச்சது நான்ல? அழுக்கா இருக்கேன்னு தொடச்சு வேற வச்சேன். நல்ல நாளும் அதுவுமா ஒண்ண விட்டா ஒண்ணு கோவிச்சுக்கும்னு எல்லாத்துக்கும் வச்சேன்."

"நீ வச்சதுல தப்பில்லம்மா. நான் பொட்ட நம்புனது தப்பு."

கனகவேல் ஒரு குப்பியைத் திறந்து ஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு கத்தரிக்கோலால் டேப்பை அறுத்தான். நாலாயிரம் பம்புகளையும் ஒரு வாளியில் கொட்டினான், பின்பக்கக் கதவு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனான், ஓடையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மூளிகளுக்கே முந்நூறு படி ஏறிய தண்ணீர், நாலாயிரம் நல்ல பம்புகளை ஊற்றினால் மேட்டுத் தெருவோடு நிற்காது, மலையைத் தாண்டும்.

"ஊத்துங்கண்ணே" என்றாள் பின்னாலேயே வந்திருந்த பேச்சி. "மலைக்கு அந்தப் பக்கந்தான் எங்கம்மா வீடு. குடத்தத் தூக்கிட்டு நாலு மைல் நடக்கா."

அவன் ஊற்றினான். மூன்றாம் நாள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், உச்சிக்கு மேல் ஏற இடமில்லாத தண்ணீர் பாறையிலிருந்து இறங்கி, பிறகு அங்கிருந்த அடுத்த மேட்டில் ஏறப் போனதாகச் செய்தி வந்தது. அந்த ஊர்க்காரர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, குடத்தை வைத்தார்கள்.

பம்புகளை ஊற்றிய அன்று சாயங்காலமே சொர்ணத்தாய் சுடலைமுத்து கடை முன்னால் நின்று, தண்ணீர் மேடேறினது என் தப்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அதையும் மற்றக் காரணங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். "இருக்கும், இருக்கும்" என்றார் சுடலைமுத்து, டீயை மேலே ஏற்றிக்கொண்டே. "ஆனா வேட்டுதான் மொதக் காரணம்."

கனகவேல் அவளிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நாளையிலேருந்து ஸ்கோப்புல பேச்சி உக்காரட்டும்க்கா" என்று மட்டும் சொன்னான். கத்தரிக்கோலை எடுத்து, எல்லாப் பிலிமுக்கும், மேல்பக்கமாகப் பிடித்தால் வலது கைப்பக்கம் வருகிற மூலையைச் சாய்வாக வெட்டினான், இனி கண்ணில்லாமல் கையால் தடவினாலே தெரியும். அந்த யோசனை தனக்கு ஒன்றரை வருஷமாக வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு சொர்ணத்தாய் தன் கையுறையை மடித்து மேசை மேல் வைத்தாள். வீட்டுக்குப் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தாள். வலது கண்ணுக்குத் தெரிந்த இலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நாளுக்குப் பிறகு எடுத்த பம்புகள் ஊறி முடிந்தபோது, முதல் பெட்டியோடு அவளையும் கூட்டிக்கொண்டு கனகவேலும் மரகதமும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வை போகாமல் நிற்கும் என்றாள். இடது கண்ணில் வைக்கப்போகும் பம்பைக் காட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எனக்குத் தெரியும், பல் வலது பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றாள் சொர்ணத்தாய். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள். அந்தப் பம்புகளைப் பற்றி இதுவரை எந்த நோயாளியும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

கட்டு அவிழ்ந்து ஒரு மாதம் கழித்து அவள் கம்பெனிக்குப் போனாள். தான் உட்காரும் முக்காலியில் ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டிருந்தாள், அதை எடுத்துக்கொண்டு வரலாம் என்று போனாள். பேச்சி அந்தச் சேலையின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கட்டும் மதினி, எந்திரிக்கேன்."

"நீ இரு. எனக்கென்ன, வீட்டுல இன்னொன்னு கெடக்கு."

"ஒரு தடவ பாத்துட்டுப் போங்களேன். இன்னைக்கு நல்லா வருது."

பேச்சி எழுந்து இடம் விட்டாள். சொர்ணத்தாய் குனிந்து வலது கண்ணை வைத்தாள். உலகம் வட்டமாகவும் வெளிச்சமாகவும் இருந்தது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன, பல்லெல்லாம் வலது பக்கம் சாய்ந்து, வயலின் வாய்க்காலில் வரிசையாக, யாரையும் எதிர்பார்க்காமல். அவள் வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது அழுதிருந்தாள்.

மற்ற மேசைப் பெண்கள் பார்க்காதது போல இருந்தார்கள். வலது கண்ணீர் ஊர் வழக்கப்படி புருவத்தைத் தாண்டி வகிட்டுக்குப் போயிற்று. பேச்சி மட்டும் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி. எடது கண்ணுத் தண்ணி கீழ எறங்குது."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். உள்ளறையிலிருந்து கனகவேலும் வந்து நின்றான். பல மாதமாக அந்த ஊரில் யாரும் காணாத ஒன்று, ஒரு சொட்டுத் தண்ணீர், பம்பு வைத்த கண்ணின் இமையோரம் திரண்டு, தயங்கி, கன்னத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி வாசலுக்குப் போய் மரகதத்தைக் கூப்பிட்டாள்.

சொர்ணத்தாய் முந்தானையை எடுத்துப் பழக்கத்தில் இடது நெற்றியைத் துடைத்தாள். நெற்றி காய்ந்திருந்தது. சொட்டு அதற்குள் உதட்டுக்கு வந்துவிட்டது, உப்பாக இருந்தது.